பாரதக் கூத்துப் பருவம்

பாரதக் கூத்துப் பருவம் என்பது தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களை ஒட்டி, மகாபாரதக் கதைகள் இரவுதோறும் தெருக்கூத்தாக நிகழ்த்தப்படும் காலம் ஆகும். இது பெரும்பாலும் பங்குனி முதல் ஆடி வரை நீடிக்கும். பழைய வட ஆற்காடு மாவட்டம் இக்கூத்து வேரூன்றிய பகுதிகளுள் ஒன்று. தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய பாலாற்றங்கரை ஊர்களும் அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அப்பகுதி இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்டங்களாக உள்ளது.

திருவிழா அமைப்பு

திருவிழா 10 முதல் 20 நாட்கள் வரை நடப்பது பொதுவான வழக்கு. பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடி விளக்குவார். அக்கதை இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும் வரை கூத்தாக ஆடப்படும். எந்த நாடகத்தை எந்த இரவில் ஆடுவது என்பதைக் குழு தன் விருப்பப்படி தீர்மானிப்பதில்லை. கதையின் போக்கும் கோயில் சடங்குமே தீர்மானிக்கின்றன. ஊரார் தாம்பூலத்துடன் முன்பணம் கொடுத்துக் குழுவை ஒப்பந்தம் செய்வர்.

நாடகங்களின் வரிசை

ஊருக்கு ஊர் சிறு மாறுதல்கள் உண்டு. பொதுவாக ஆடப்படுபவை:

1. வில் வளைப்பு (திரௌபதி திருமணம்)
2. சுபத்திரை கல்யாணம்
3. இராசசூய யாகம்
4. பகடை துகில்
5. அருச்சுனன் தபசு
6. கீசக வதம்
7. கிருட்டிணன் தூது
8. அபிமன்யு சண்டை
9. கர்ண மோட்சம்
10. பதினெட்டாம் போர்

சடங்கும் நாடகமும்

சில நாடகங்களில் மேடைக்கும் வழிபாட்டுக்கும் இடையே எல்லை இல்லை. துகிலுரியும் காட்சியில் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றுவதும், துச்சாதனன் வேடதாரி அம்மனிடம் மன்னிப்பு வேண்டுவதும் உண்டு. தபசு நாளில் அருச்சுனன் வேடமிட்டவர் உயரமான தபசு மரத்தில் ஏறிப் பாடி, எலுமிச்சம் பழங்களையும் வில்வ இலைகளையும் கீழே வீசுவார். குழந்தை வேண்டும் பெண்கள் அவற்றை மடியில் ஏந்துவர்.

பதினெட்டாம் போர் முடியும் காலையில் கூத்து மேடையை விட்டு வெளியேறுகிறது. திறந்தவெளியில் மண்ணால் செய்யப்பட்ட பெரிய துரியோதனன் உருவத்தின் தொடையைப் பீமன் பிளப்பார். பின்னர் திரௌபதியின் விரிந்த கூந்தல் முடிக்கப்படும். இது படுகளம் எனப்படும். அன்று மாலை தீமிதியுடன் விழா நிறைவுறும்.

வேடமும் இசையும்

அரச வேடங்களுக்குரிய கிரீடம், புசக்கட்டை முதலியன மரத்தால் ஆனவை. இதனாலேயே கட்டைக்கூத்து என்ற பெயரும் வழங்குகிறது. முக்கிய வேடங்கள் திரைக்குப் பின்னிருந்து பாடியபடி தோன்றும். கட்டியங்காரன் அவர்களை வினவி அறிமுகப்படுத்துவான். முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், கைத்தாளம் ஆகியவை பக்க இசைக்கருவிகள். மரபில் பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்றனர்.

குழுக்களும் அமைப்புகளும்

செய்யாறு வட்டத்துப் புரிசை கிராமத்தின் கூத்து மரபு பரவலாக அறியப்பட்டது. அதன் ஆசிரியர் கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டம், 1977 இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமியை ஈர்த்தது. பெருங்கட்டூரைச் சேர்ந்த இராஜகோபால் முதலிய கலைஞர்கள் 1990 இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். அச்சங்கம் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் சிறுமியரும் பயின்று மேடையேறினர்.

பருவமும் வாழ்வாதாரமும்

முழுநேரக் கலைஞர்களின் ஆண்டு வருவாயில் பெரும்பகுதி இச்சில மாதங்களைச் சார்ந்தது. மழைக்காலத்தில் ஆட்டங்கள் குறைவு. கொரோனாப் பெருந்தொற்றின்போது இது வெளிப்படையாகத் தெரிந்தது. 2020 மார்ச்சு இறுதியில் பருவம் தொடங்கும் வேளையில் நாடு தழுவிய ஊரடங்கு வந்தது. 2021 இல் ஏப்ரல் 10 முதல் தமிழ்நாட்டில் திருவிழாக்களுக்கு மீண்டும் தடை விதிக்கப்பட்டது. தொடர்ந்து இரு பருவங்களின் ஒப்பந்தங்கள் கைவிடப்பட்டன. வேறு மாதத்தில் ஆடி அவ்விழப்பை ஈடுசெய்வது எளிதன்று. கோயில் விழா இன்றி இந்நாடக வரிசை ஆடப்படுவதில்லை.

இவற்றையும் பார்க்க

தெருக்கூத்து
திரௌபதி அம்மன்
தீமிதி
கூத்துப்பட்டறை