துரைத்தனமும் முகாமைத்துவமும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முகாமைத்துவம் இன்று நமது பல்கலைக்கழகங்களில் நிலைபெற்றுவிட்ட ஒரு கல்வித்துறை. அத்துறையின் பாடநூல்கள் ஏறத்தாழ ஒரே முறையிலேயே தொடங்குகின்றன. திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நெறிப்படுத்தல், கட்டுப்படுத்தல் ஆகிய கருமங்கள் முதலிற் கூறப்படும். பின்னர், நல்ல முகாமையாளனுக்கு வேண்டிய திறன்களும் ஆளுமைப் பண்புகளும் நிரற்படுத்தப்படும். மனவுறுதி, நடுநிலை, தொலைநோக்கு, பிறரை வசப்படுத்தும் பேச்சு என்று அந்நிரல் நீளும். இப்பண்புகள் எத்தகைய உற்பத்தி உறவுகளிலிருந்து பிறந்தன, அவற்றாற் பயன்பெற்றோர் யாவர் என்னும் வினாக்களை அந்நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அமெரிக்க உருக்காலைகளில் அனுபவம் பெற்ற எஃப். டபிள்யூ. டெய்லரின் விஞ்ஞான முகாமைத்துவ நூல் 1911இல் வெளிவந்தது. பிரெஞ்சுச் சுரங்கக் கம்பனியொன்றை நீண்டகாலம் நடத்திய ஹென்றி ஃபயோல் தம்முடைய பதினான்கு தத்துவங்களை 1916இல் வெளியிட்டார். இவர்கள் எழுதுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, இலங்கை மலைநாட்டின் கோப்பித் தோட்டங்களில் பெருந்தொகையான மனிதரை விடியற்காலையில் நிரையில் நிறுத்தி, எண்ணி, பிரித்து, ஏவி, மாலையில் விளைவை அளந்து கணக்கெழுதும் முறை நடைமுறையில் இருந்தது. அம்முறையைத் தெமோதரையையும் பதுளையைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் களமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

முதலிற் சொற்களைக் கவனிப்போம். தமிழகத்தார் 'மேலாண்மை' என்பர். இலங்கையில் நாம் 'முகாமைத்துவம்' என்கின்றோம். தோட்டத்து மக்களின் வழக்கில் இவ்விரண்டும் இல்லை. அவர்கள் அறிந்தவர் 'துரை'. பெரியதுரை, சின்னத்துரை, அவர்களுக்குக் கீழே கண்டக்டர் ஐயா, டீமேக்கர், கிளாக்கர், கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்று அந்த வரிசை இறங்கிவரும். 19ஆம் நூற்றாண்டுத் தமிழில் 'துரைத்தனம்' என்னுஞ் சொல் அரசாங்கத்தையே குறித்தது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. தொழில் நிருவாகமும் அரசாட்சியும் தம் வாழ்வில் வேறுவேறாக இருக்கவில்லை என்பதை அம்மக்கள் ஒரே சொல்லால் உணர்த்திவிட்டனர்.

மொழியறிவு முகாமையாளனின் தலையாய திறன்களுள் ஒன்று எனப் பாடநூல்கள் கூறும். தோட்டத் துரைமாரும் தமிழ் கற்றனர். அவர்களுக்கென்று கைந்நூல்கள் எழுந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ. எம். ஃபெர்குசன் சின்னத்துரைமாருக்காக வெளியிட்ட கையடக்கத் தமிழ் வழிகாட்டியின் பெயர் 'இங்கே வா' என்பதாகும். டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பார் 1915இல் வெளியிட்ட நூலுக்கோ 'கூலித் தமிழ்' என்றே பெயர். இலக்கிய மாணவர்கள் இப்பெயர்களைச் சாதாரணமாக எண்ணிக் கடந்துவிடல் ஆகாது. தமிழில் ஒருவரை அழைப்பதற்கு 'வாருங்கள்', 'வாங்க' என்னும் வடிவங்களும் உள. அவற்றை ஒதுக்கி ஒருமை ஏவலை ஒரு நூலின் முகப்பிலேயே பொறித்தமை தற்செயலன்று. ஒரு மொழியில் உள்ள வினைவடிவங்கள் அனைத்திலும் ஏவல் வினையே தோட்ட உற்பத்திக்குப் போதுமானதாக இருந்தது. உரையாடல் அம்முறையின் தேவையாக இருக்கவில்லை.

இவ்விடத்தில் மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்திற் கூட்டுழைப்புப் பற்றி முன்வைத்த வேறுபாடு நமக்குத் துணைசெய்கின்றது. பலர் கூடிச் செய்யும் எத்தொழிலுக்கும் ஒருங்கிணைப்பு வேண்டும். வாத்தியக் குழுவுக்கு நெறியாளன் வேண்டுமாறு போல. ஆனால், முதலாளித்துவ உற்பத்தியில் மேற்பார்வை அந்த ஒருங்கிணைப்போடு நின்றுவிடுவதில்லை. விருப்பமின்றி உழைப்போரிடமிருந்து இயன்றளவு உழைப்பைக் கறக்கும் அடக்குமுறைப் பணியும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றது. முகாமைத்துவ நூல்கள் இவ்விரண்டையும் ஒன்றாகப் பிசைந்து 'தலைமைத்துவம்' எனப் பெயரிடுகின்றன. தோட்டத்தின் வரலாறு இவற்றைப் பிரித்துக் காண நமக்கு வாய்ப்பளிக்கின்றது.

ஃபயோல் கூறும் தத்துவங்களுள் அதிகாரச் சங்கிலி ஒன்று; மேலிருந்து கீழ்வரை அறுபடாத கட்டளைத் தொடர் அது. ஊவாவில் அச்சங்கிலி இலண்டன் பங்குதாரரிடம் தொடங்கிக் கொழும்பு ஏஜென்சிக் கம்பனி, அக்கம்பனி அனுப்பும் விசிற்றிங் ஏஜன்ட், பங்களாத் துரை எனத் தொடர்ந்து பெரட்டுக்களத்தில் முடிந்தது. தப்புச் சத்தத்தோடு விடியும் பொழுதில் பெரட்டுக்களத்திலேயே ஆட்கள் எண்ணப்பட்டனர், மலைகளுக்குப் பிரிக்கப்பட்டனர், செக்றோலிற் பெயர் விழுந்தது. 'பெயர்' என்பதற்கே தோட்டத்தில் ஒரு நாட்கூலி என்னும் பொருள் உண்டு. அரைப்பெயர் போடப்பட்டவள் அரைக்கூலி பெற்றாள். ஒருவரின் பெயர் அவருடைய நாட்கூலியின் அளவாகச் சுருங்கிய இந்தப் பொருள்மாற்றத்தைச் சொற்பொருளியலார் தனியே ஆராயலாம்.

இச்சங்கிலியில் கங்காணியே முக்கியமான கண்ணி. தன் ஊரிலும் சாதியிலும் உறவிலுமிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவன் அவன். முற்பணத்தை அவர்களின் கடனாக எழுதியவன். அக்கடன் தீரும்வரை அவர்களைக் கட்டிவைத்தவன். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே நோயாளியையும் லயத்திலிருந்து கிளப்பி மலைக்கு அனுப்புவதில் அவனுக்கு நேரடி நலன் இருந்தது. கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதிக்கொடுத்த சீட்டே 'துண்டு'. மற்றொரு தோட்டம் அத்தொகையைக் கொடுத்து ஆட்களைப் பெற்றது. கடன் ஆட்களோடு சேர்ந்து மலை மாறியது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வேலையை விட்டு நீங்குவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருந்தது. சிறைச்சாலை பின்னால் நிற்கும்போது துரையின் 'மனவுறுதி'யைத் தனிமனிதப் பண்பாக எங்ஙனம் கொள்வது? கண்டிப்பும் கருணையும் அவருடைய இயல்பைச் சார்ந்தவையாக இருந்திருக்கலாம். அவற்றுக்குப் பலனளித்தவை சட்டமும் கடனுமே.

தெமோதரையைப் பற்றி வழங்கும் கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகின்றது. 1894இல் பண்டாரவளையை எட்டிய புகையிரதப் பாதை 1924இலேயே பதுளையைச் சென்றடைந்தது. அதன் கடைசிப் பகுதியில், எல்லவுக்கும் பதுளைக்கும் இடையே, பாதை ஒரு குன்றைச் சுற்றியிறங்கித் தெமோதரை நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தால் நுழைந்து செல்கின்றது. இந்த வளையத்தின் எண்ணம் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவுக்குத் தோட்டக் கங்காணி ஒருவன் தலைப்பாகையைச் சுற்றிக் கட்டியதைப் பார்த்தபோது உதித்தது என்பர். கதை மெய்யோ பொய்யோ, அது சொல்லப்படும் விதம் ஆராயத்தக்கது. அறிவு பொறியியலாளனிடம் இருக்கின்றது. அதனைத் தூண்டும் தலைப்பாகை கங்காணியிடம் இருக்கின்றது. பாறையைக் குடைந்தவனும் மண் சுமந்தவளும் கதையில் இல்லை. முகாமைத்துவ நூல்களின் கற்பனை உலகமும் இதுவே எனலாம்.

உண்மையிலே, தோட்டத்தின் திறன் யாரிடம் இருந்தது? இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவதும், மட்டம் குலையாமற் செடியைக் காப்பதும், எவ்வளவு கிள்ளினால் அடுத்த சுற்றுக்குத் துளிர் வரும் என்று கையாலேயே அறிவதும் கொழுந்து பறிக்கும் பெண்களின் தேர்ச்சி. எவ்வாறு வெட்டினால் செடி பிழைக்கும் என்பது கவ்வாத்துக்காரனின் அறிவு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மலைகளைக் கடந்து ஈரமிழந்து ஊவாச் சரிவுகளில் வீசுகின்ற வாரங்களில், உலகச் சந்தை போற்றும் அந்த மணம் இலையில் ஏறுகின்றது. அக்காலத்தில் வாட்டத்தையும் புளிப்பையும் மணிக்கணக்கில் அறிந்து முடிவெடுப்பவர் டீமேக்கர். துரை இவற்றை இவர்களிடமிருந்தே கற்றார். தோட்ட வேலை பழக வந்த ஆங்கில இளைஞனைக் 'கிறீப்பர்' என்றழைத்தனர். அவன் பயின்ற காலத்தில், செடி பற்றிய அறிவினும் எவருடன் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்னும் அறிவே அவனிடம் அதிகம் எதிர்பார்க்கப்பட்டது.

இதற்குச் சான்று மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் வந்து மடுல்கெலையிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்திற் கிறீப்பராகச் சேர்ந்த அவர், தொழிலாளரோடு நெருங்கிப் பழகி அவர்கள் பக்கம் நின்றதனால் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். லங்கா சமசமாஜக் கட்சியின் மேடைகளில் அவர் தோட்டத்துரைமாரைக் கண்டித்துப் பேசவே, 1937இல் தேசாதிபதி அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. தொழிலாளரோடு இணங்கிப் பழகுதல் இன்றைய பாடநூல்களிற் சிறந்த ஆளுமைப் பண்பாகக் காணப்படுகின்றது. 1936இல் அதே பண்பு ஒருவரை வேலை நீக்கியது.

அடக்குமுறையின்றி ஒருங்கிணைப்பு இயலுமா என்ற வினாவுக்கு ஊவாவிலேயே ஒரு விடை தோன்றியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாராற் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வேலைநிறுத்த அலை தெற்கு நோக்கிப் பரவி ஊவாவை அடைந்தது. இங்கு எட்மன்ட் சமரக்கொடி, வில்லி ஜயதிலக்க, வி. சித்தம்பலம் ஆகியோர் முன்னின்றனர். பதுளை நீதவான் கூட்டங்களுக்குத் தடை விதித்தார். மே 12ஆந் திகதி என். எம். பெரேரா தடையை மீறிப் பதுளையிற் பெருந்திரளான மக்கள் முன் பேசினார். பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில் நிகழ்ந்ததே நம் பொருளுக்கு நேரடியாக உரியது. அங்கே தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே நிருவாகம் நடத்தத் தோட்டத் துரையும் உடன்பட்டார். ஒழுங்கை நிலைநாட்டச் சென்ற ஆயுதந்தரித்த பொலிசாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்ததாகவும் இடதுசாரி இயக்க வரலாறுகள் கூறும்.

இந்நிகழ்ச்சி நீடிக்கவில்லை. வெள்ளப்பெருக்கு ஊவாவை நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்திருந்த நாட்களிற் பொலிஸ் அடக்குமுறை வேலைநிறுத்தத்தை முறியடித்தது. ஜூனிற் சமசமாஜத் தலைவர்கள் கைதாயினர். சபையின் ஆயுள் குறுகியதெனினும் அதன் தன்மை தெளிவானது. 1919–20இல் இத்தாலியின் டூரின் நகரத் தொழிற்சாலைகளில் எழுந்த தொழிற்சாலைச் சபைகளைப் பற்றி கிராம்சி விரிவாக எழுதியுள்ளார். வெவெஸ்ஸ மக்கள் டூரினைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. எனினும் வேலையைப் பகிர்வதற்கும் குறைகளைத் தீர்ப்பதற்கும் தம்மாலேயே இயலும் என்னும் உணர்வு அவர்களின் அன்றாட உழைப்பிலிருந்தே முளைத்தது. நமது வரலாற்றாசிரியர்கள் இவ்வேலைநிறுத்த அலையைக் கூலிப் போராட்டமாகவோ கட்சி வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவோ மட்டும் நோக்கியமை போதாது என்பது நம் கருத்து. அதிகாரத்தின் உரிமையே அங்கு கேள்விக்குள்ளாயிற்று. அவ்வாண்டிலேயே தோட்ட உடைமையாளருக்கும் சங்கங்களுக்குமிடையே ஏழு அம்ச உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. சங்கம் அங்கீகரிக்கப்பட்டது, சபை மறக்கப்பட்டது.

அடுத்து வந்த காலத்தைச் சுருக்கமாகவே கூறலாம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தொழிலாளரின் அரசியற் குரலைப் பறித்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. பங்களாவில் ஆள் மாறினார், பெரட்டுக்களம் மாறவில்லை. 1973–74இற் பட்டினி லயங்களில் உயிர்களைக் கொண்டுசென்றது. மூத்த தொழிலாளர் பலர் 'வெள்ளைக்காரத் துரை காலம்' என்று ஏக்கத்தோடு பேசுவதை அடிமை மனப்பான்மை எனத் தள்ளிவிடுவது எளிது, ஆயின் சரியன்று. அவர்கள் ஒப்பிடுவது அரிசியின் அளவை. துரையின் ஆளுமையை அன்று. அதே மக்கள் துரையையும் கணக்கப்பிள்ளையையும் கங்காணியையும் எள்ளிப் பாடிய பாடல்கள் சி. வி. வேலுப்பிள்ளையின் தொகுப்பில் உள்ளன. பணிவும் எள்ளலும் ஒரே வாயிலிருந்து பிறந்தவை என்பதை நாட்டார் வழக்காற்றியல் நன்கறியும்.

1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என வகுக்கப்பட்டிருந்தது. தோட்டத்தின் தலையாய திறனைக் கையில் வைத்திருந்தவளின் உழைப்பு 11 சதம் குறைவாகவே மதிக்கப்பட்டது. ஆண் பெண் சமகூலி 1984இலேயே, வேலைநிறுத்தத்தின் பின், கிடைத்தது. திறனுக்கேற்ற ஊதியம் என்பது ஃபயோலின் காலத்திலிருந்து ஓதப்பட்டு வரும் தத்துவம். தோட்டத்தில் அதற்கு 55 ஆண்டுகள் தேவைப்பட்டன.

1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1979இல் அமைக்கப்பெற்ற தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம் நடத்தும் பயிற்சிகளில் ஊக்கப்படுத்தல், குழுவுணர்வு என்னும் சொற்கள் இடம்பெறலாயின. 2021இற் சம்பள நிருணயசபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கியபோது, நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறையே பல தோட்டங்களிற் பிணக்காயிற்று. கூலி உயர, கிலோவும் உயர்ந்தது. தோட்டக் கம்பனிகள் முன்வைத்துவரும் வருமானப் பகிர்வுத் திட்டமும் வெளியார் பயிர்ச்செய்கை முறையும் இச்சூழலிலேயே நோக்கப்படவேண்டியவை. இம்முறையில் ஒரு குடும்பத்திடம் குறித்த அளவு தேயிலைச் செடிகள் ஒப்படைக்கப்படும். பராமரிப்பும் பறிப்பும் அக்குடும்பத்தின் பொறுப்பு. கொழுந்து கம்பனியின் தொழிற்சாலைக்கே செல்லும். மேற்பார்வையின்றி மலையை நடத்தத் தொழிலாளருக்கு இயலும் என்பதைக் கம்பனிகளே இதன்மூலம் ஒத்துக்கொண்டுவிட்டன. நிலத்தின் உரிமையும் கொழுந்தின் விலையைத் தீர்மானிக்கும் அதிகாரமும் கைமாறவில்லை. சேமலாப நிதிக்கு என்னாகும் எனத் தொழிற்சங்கங்கள் கேட்டுவருகின்றன. பறிப்பவர் பெரும்பாலும் பெண்களாயிருக்க, செடிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் யாருடைய பெயர் எழுதப்படுகின்றது என்பதைத் தோட்டந்தோறும் சென்று ஆராய்தல் நமது மாணவர்கள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.