குகைவாசிகளின் நாகரிகம்

சரித்திரமென்றால் அரசர் வரிசையும் போர்க்களமுமே என்றெண்ணுவோர் பலர். பட்டர்வொர்த்துக்குத் தென்கிழக்கே, பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குகைகளோ வேறொரு சரித்திரம் கூறுகின்றன. மழைநீர் பன்னெடுங்காலம் கல்லைக் கரைத்துக் குடைந்த குகைகள் அவை.

அவற்றுள் குனோங் ருந்து என்னும் குகையில், 1991-இல், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஜுரைனா மஜிட் குழுவினர், ஏறக்குறைய 10,000 ஆண்டு முந்திய ஆணின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தனர். ‘பேராக் மனிதன்’ எனப் பெயர்பெற்ற அவனுக்கு இடக்கையில் பிறவிக்குறை. ஆயினும் நாற்பது வயது கடந்து வாழ்ந்தான். கற்கருவிகளும் இறைச்சியும் உடன்வைத்து அடக்கஞ் செய்யப்பட்டான். அவனைப் பாரமென்று அக்குகைவாசிகள் தள்ளிவிடவில்லை.

அப்பள்ளத்தாக்கை 2012-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக ஏற்றது. அன்பர்களே! குறையுடையோரை ‘முன்வினை’யென்று இன்றும் ஒதுக்குகின்ற நாம், அக்குகைவாசிகளினும் நாகரிகமுடையோர் என்பது எங்ஙனம்?