சாகாமத்து நண்பரும் இரண்டு போகங்களும்

2008ஆம் ஆண்டு மாரிகாலத்தில் சாகாமத்திலிருந்து என் பால்ய நண்பர் என்னைத் தேடி வந்தார். இரைப்பையில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. மஹரகமவுக்குப் போகும்படி வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார்.

“மச்சான், நீ நாலும் படிச்சவன். மருந்து ஏத்தினா எத்தின மாசம்? ஏத்தாட்டி எத்தின மாசம்?”

கலைப்பட்டதாரியான எனக்கு மருத்துவம் தெரியாது. வரலாறு தேடத் தெரியும். தேடினேன்.

இம்மருந்துகளின் கதை போர்க்களத்தில் தொடங்குகிறது. முதல் உலகப் போரில், 1917இல் பயன்படுத்தப்பட்ட கடுகு வாயு, அதற்கு இரையான போர்வீரர்களின் வெள்ளணுக்களை அழித்திருந்தது. அதன் உறவுப்பொருளான நைதரசன் மஸ்டர்டை 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்கு ஏற்றினர். கட்டிகள் கரைந்தன, ஆனால் மீண்டும் வளர்ந்தன.

அடுத்த அத்தியாயத்தில் நம் அயலவர் ஒருவர் வருகிறார். பீமவரத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்குழு, அமெரிக்காவில் அமினோப்தெரின், மெதோட்ரெக்சேட் ஆகியவற்றை உருவாக்கியது. 1948இல் அவர் மறைந்தார். பிற்காலத்தில் இரைப்பைப் புற்றுநோய்க்கான கூட்டு மருந்துகளிலும் மெதோட்ரெக்சேட் இடம்பெற்றது. 1957இல் சார்ல்ஸ் ஹைடல்பேர்கர் அறிமுகப்படுத்திய ஃபுளோரோயுராசில் இன்றும் இந்நோய்ச் சிகிச்சையின் அடித்தளமாக உள்ளது.

ஏன் கூட்டு மருந்து? காசநோய் கற்பித்த பாடம் அது. ஒரு மருந்துக்குத் தப்பும் உயிரணு மற்றொன்றுக்கு அகப்படலாம். பக்கவிளைவுகள் வெவ்வேறாயின் மருந்துகளை ஒருங்கே கொடுக்கவும் இயலும்.

பயன் எவ்வளவு? 1990களின் ஆய்வுகளில், ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றோர் சராசரியாக 3, 4 மாதங்களும், கூட்டு மருந்து பெற்றோர் 10 மாதங்களை ஒட்டியும் வாழ்ந்தனர். 2008இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்றில், உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோயாளர் 1002 பேரிடையே, மும்மருந்துக் கூட்டுகளுள் சிறந்தது 11.2 மாதங்களைத் தந்தது.

இதை மறைக்காமல் நண்பரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், “அப்ப ரெண்டு போகம் பாக்கலாம்” என்றார்.

இரவு பஸ்ஸில் மஹரகம போய் வந்தார். வாந்தியும் வாய்ப்புண்ணும் வாட்டின. சில சுற்றுகளுக்குப் பின் வைத்தியரோடு பேசி நிறுத்திக்கொண்டார். 2009 பெரும்போக அறுவடையையும் சிறுபோக அறுவடையையும் கண்டார். அடுத்த விதைப்புக்கு முன் மௌத்தானார்.

அதன்பின் மருத்துவம் நகர்ந்திருக்கிறது. ஹேர்-2 புரதம் மிகுந்த கட்டிகளுக்கு, கூட்டு மருந்துடன் டிராஸ்டுசுமாப் சேர்த்தபோது 11.1 மாதங்கள் 13.8 ஆனதென 2010இல் அறிந்தோம். 2021இல் நோயெதிர்ப்பு மருந்தான நிவோலுமாபும் சேர்ந்தது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் இப்போது புற்றுநோய்ப் பிரிவு உண்டு.

ஆயினும் பரவிய நோயில் கணக்கு பெரும்பாலோருக்கு இன்னும் மாதங்களில்தான். நண்பர் நெடுநாள் வாயுத்தொல்லை என்றெண்ணிக் கடைக் குளிசைகளை விழுங்கியவர். நீங்காத அஜீரணம், காரணமற்ற மெலிவு, கறுத்த மலம் இருப்பவர்கள் தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் இருந்திருந்தால் இதைத்தான் எழுதச் சொல்லியிருப்பார்.