பத்துக்கு ஆறு: க்ளீசன் எண்ணின் கதை

போன வருடம் பெரியப்பா தன் பயாப்ஸி ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அடுத்த நிமிடமே போன். "பத்துக்கு ஆறுன்னு போட்டிருக்குடா. பாதிக்கு மேல போயிடுச்சா?"

ரிப்போர்ட்டில் இருந்தது: ப்ராஸ்டேட் புற்றுநோய், க்ளீசன் ஸ்கோர் 3+3=6. நான் டாக்டர் இல்லை, மென்பொருள்காரன். எனக்கும் பதில் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

டொனால்ட் க்ளீசன், அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பேத்தாலஜிஸ்ட். 1960களின் தொடக்கத்தில், அங்கிருந்த சிறுநீரகவியல் மருத்துவர் ஜார்ஜ் மெல்லிங்கர் அவரிடம் ஒரு தரம்பிரிக்கும் முறை கேட்டார். இந்த நோய் சிலருக்குப் பல வருடம் சும்மா கிடக்கும், சிலரைச் சீக்கிரம் கொன்றுவிடும். எது எது என்று ஸ்லைடைப் பார்த்தே சொல்ல முடியுமா?

க்ளீசன் செல்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்க்கவில்லை. குறைந்த உருப்பெருக்கத்தில் சுரப்பிகள் அமைந்திருக்கும் விதத்தை மட்டும் பார்த்தார். ஒழுங்கானது 1, முற்றிலும் சிதைந்தது 5 என்று ஐந்து வடிவங்கள். அவற்றைத் தன் கையாலேயே வரைந்தார். நோயாளிக்குப் பிறகு என்ன ஆனது என்று தெரியாமலே தரம் போட்டார். இறப்புக் கணக்கோடு ஒப்பிட்டது புள்ளியியலாளர்கள். 270 நோயாளிகளை வைத்து 1966இல் முதல் கட்டுரை வந்தது. ஒரே கட்டியில் பெரும்பாலும் இரண்டு வடிவங்கள் இருந்தன. மோசமானதை மட்டும் எடுப்பதைவிட, இரண்டையும் கூட்டினால் கணக்கு நன்றாகப் பொருந்தியது. அப்படித்தான் 2 முதல் 10 வரை எண் வந்தது.

சரி, ஊசி பயாப்ஸிக்கு வருவோம். அதில் கிடைப்பது சுமார் 1 மி.மீ. அகலமுள்ள நூல் மாதிரித் திசு. அதில் சந்தேகத்துக்குரிய சுரப்பிகள் நாலைந்துதான் இருக்கலாம். இயல்பான சுரப்பியைச் சுற்றி வெளிப்பக்கம் அடித்தள செல்கள் என்று ஒரு அடுக்கு உண்டு. புற்றுநோய்ச் சுரப்பியில் அது இருக்காது. 1980களில் இந்த அடுக்கை மட்டும் நிறமேற்றிக் காட்டும் ஆன்டிபாடி சோதனை வந்தது. அதாவது, பேத்தாலஜிஸ்ட் தேடுவது இல்லாத ஒன்றை! ஆனால் நல்ல சுரப்பியிலும் அந்த அடுக்கு சில இடங்களில் விட்டுப்போகும். அதனால் நிறச் சோதனை மட்டும் போதாது. செல்லின் உட்கருவையும் சுரப்பிகளின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்துதான் முடிவு. சில சமயம் 'சந்தேகம் உள்ளது' என்று எழுதி நிறுத்திவிடுவதே நேர்மை.

இந்தச் சோதனை பழைய கணக்கையும் ஆட்டிவிட்டது. அந்தக் காலத்தில் 1 என்று தரமிட்டவற்றில் பல, புற்றுநோய் மாதிரித் தெரிந்த சாதுவான சுரப்பிகளாகவே இருந்திருக்கும் என்று இன்று கருதுகிறார்கள். தவிர, 1, 2 என்று சொல்லக் கட்டியின் விளிம்பு தெரியணும். ஊசித் துணுக்கில் அது தெரியாது. ஆக, பயாப்ஸியில் 2 முதல் 5 வரை வழக்கொழிந்து, 6 என்பதே அடிமட்டம் ஆனது. அளவுகோல் மட்டும் 10 வரை அப்படியே நின்றது. எங்கள் தொழிலில் இதை லெகசி என்போம். உள்ளே இருக்கிறவர்களுக்குப் பழகிவிடும், புதிதாக வருகிறவர்தான் மாட்டிக்கொள்வார்.

2014இல் சிகாகோவில் கூடிய நிபுணர்கள் ஐந்து பிரிவுகளாக மாற்றினார்கள். 3+3 அதில் பிரிவு 1. 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் அது சேர்ந்தது.

பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். "பத்துக்கு ஆறு இல்ல பெரியப்பா, அஞ்சுக்கு ஒண்ணு. நோய் இல்லைன்னு அர்த்தமில்ல, டாக்டர் சொல்றபடி விடாம செக்கப் போகணும்."

"அதை முதல்லயே போட்டிருக்கலாமேடா?"

ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அடுத்த வரியிலேயே 'கிரேடு குரூப் 1' என்று இருந்தது. ஆறைப் பார்த்த பயத்தில் நாங்கள் இருவருமே அந்த வரிக்குப் போகவில்லை.