வைதரணிக் கரை சேராத கப்பல்கள்

பிறவியைக் கடலென்றும், இறைவன் திருவடியை அக்கடலைக் கடக்க உதவும் தோணியென்றும் கூறுவது நம் முன்னோர் கண்ட மரபு. கோயிலிலே புராணபடனம் கேட்குங்கால் இவ்வுவமை நம் உள்ளத்துக்கு ஆறுதலளிக்கிறது. ஆயினும் உவமையிலன்றி உண்மைக் கடலிலே, தெய்வ தரிசனத்துக்கென்று கப்பலேறிக் கரை காணாது மறைந்த மக்களும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஒன்றரை ஆண்டுக்குள், பாரத நாட்டின் கீழ்க் கடலிலும் மேற்குக் கடலிலுமாக இரண்டு நீராவிக் கப்பல்கள் இவ்வாறு மறைந்தன. அவற்றின் கதையை இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று. முதியோர் நினைந்திருத்தலும் நன்று.

முதலாவது கப்பலின் பெயர் சேர் ஜோன் லோறன்ஸ். 1864 முதல் 1869 வரை இந்தியாவின் இராஜப்பிரதிநிதியாக இருந்தவரின் பெயர் அது. கல்கத்தாவிலிருந்து ஒரிசாவிலுள்ள சாந்த்பாலித் துறைக்கு அக்கப்பல் புறப்பட்டது. அந்நாளில் வங்காளத்திலிருந்து பூரி ஜகந்நாதரைத் தரிசிக்கச் செல்வது எளிதான காரியமன்று. தரைமார்க்கமாகச் செல்வோர் மழையிலும் வெயிலிலும் பல நாள் நடக்கவேண்டும், ஆறுகள் பலவற்றைக் கடக்கவேண்டும், வாந்திபேதிக்குத் தப்பவேண்டும். பூரிக்குப் புகையிரதம் வந்தது 1897ஆம் ஆண்டிலேதான். ஆகவே, கப்பலிற் சாந்த்பாலி வரை சென்று, அங்கிருந்து எஞ்சிய வழியைக் கடப்பதே நடக்க இயலாதோருக்கு வாய்ப்பான வழியாக இருந்தது. முதியோரும் பெண்களும் அதனையே நாடியதில் வியப்பில்லை.

சாந்த்பாலித் துறை அமைந்திருப்பது வைதரணி என்னும் ஆற்றங்கரையில். வைதரணி என்ற பெயரைக் கேட்டவுடன் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தியேட்டிக் கிரியையும் கோதானமும் நினைவுக்கு வரும். உடலை நீத்த உயிர் கடக்க வேண்டிய ஆறென்று புராணங்கள் கூறுவது அதனையே.

1887ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள். நம் கணக்கிற் சர்வசித்து வருடம் வைகாசி மாதம். பூரித் தேர்த் திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதமளவே இருந்தது. கப்பலில் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர் என்பர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். அன்று வங்கக் கடலிலே பெரும் சூறாவளி வீசியது. கப்பல் சாந்த்பாலியை அடையவுமில்லை, கல்கத்தாவுக்குத் திரும்பவுமில்லை. வைதரணிக் கரையை நாடிச் சென்றவர்களை அதற்கு முன்னரே கடல் ஏற்றுக்கொண்டது.

அப்போது இருபத்தாறு வயது இளைஞராயிருந்த இரவீந்திரநாத தாகூர் இத்துயரத்தை வைத்து ஒரு கவிதை இயற்றினார். கல்கத்தாவிலே கங்கைப் படித்துறை ஒன்றில், மாண்டவர் நினைவாக ஒரு கல்லும் பதிக்கப்பட்டது. அதனைப் பதிப்பித்தோர் ஆங்கிலப் பெண்மணிகள் சிலர். மாண்டவர்களின் மொழியும் சமயமும் வேறு. பதித்தவர்களின் மொழியும் சமயமும் வேறு. பெண்ணின் துயரைப் பெண் அறிந்தாள் என்பதன்றி வேறென்ன சொல்வது? அக்கல்லில் யாத்திரிகர் என்ற பொதுச் சொல் உண்டு, நாள் உண்டு, கப்பலின் பெயர் உண்டு. ஒரு பெண்ணின் பெயரேனும் இல்லை.

இனி மேற்குக் கடலுக்குச் செல்வோம். அங்கே மறைந்த கப்பலுக்கு இட்ட பெயரே வைதரணா என்பது. பம்பாய்க்கு வடக்கே ஓடும் ஓர் ஆற்றின் பெயர் அது. கச்சு நாட்டு மாண்ட்வித் துறைக்கும் பம்பாய்க்குமிடையே பயணிகளையும் பொருள்களையும் ஏற்றிச் சென்ற அக்கப்பல், 1885இல் ஸ்கொத்லாந்திற் கட்டப்பட்டது. மின்சார விளக்குகள் எரிந்தமையால் மக்கள் அதனை 'வீஜளி', அதாவது மின்னல், என்று செல்லமாக அழைத்தனர். வீடுகளிலே எண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில், இரவிற் கடல்மீது ஒளிவீசிச் செல்லும் கப்பலைப் பார்த்தோர் அதை எவ்வளவு வியந்திருப்பர்!

1888ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் நாள், தீபாவளி கழிந்த சில நாட்களுள், வைதரணா மாண்ட்வியை விட்டுப் புறப்பட்டது. கண்ணன் ஆண்ட துவாரகையிலும் பயணிகள் ஏறினர். வணிகர், திருமணக் கூட்டத்தார், பம்பாயிலே மெட்ரிகுலேசன் பரீட்சை எழுதச் சென்ற மாணவர் எனப் பலதிறத்தாரும் அதில் இருந்தனர். கடல் கொந்தளித்தமையால் கப்பல் போர்பந்தரில் நிற்கவில்லை. பம்பாயை நோக்கியே சென்றது. மாங்ரோல் கரைக்கு அப்பால் அதைக் கண்டவர் உண்டு. அதன்பின் கண்டவர் எவருமில்லை. தேடுவதற்குக் கப்பல்கள் சென்றன. உடைந்த பலகையோ ஓர் உடலோ அகப்படவில்லை. எழுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் ஓர் இரவில் மறைந்தன.

குஜராத்து மக்கள் இதனைப் பாட்டிலே வைத்துக் காத்தனர். கப்பலோடு தொடர்புற்ற ஹாஜி காசம் என்ற முஸ்லிம் ஒருவரை விளித்து இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் புலம்பும் நாட்டுப்பாடல்கள் அங்கே இன்றும் வழங்குகின்றன. ஒரே கப்பலில் மாண்டவர்களை ஒரே பாட்டிலே அழுதனர்.

இவற்றைக் கேட்ட நம் பெரியோர் சிலர், "எல்லாம் விதி. அவன் செயல்" என்று பெருமூச்செறிவர். துயரத்தை ஆற்றிக்கொள்ள அச்சொல் உதவும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சரித்திரத்தைப் படிக்கும்போது வானத்தின் செயல் எது, மனிதன் செயல் எது என்று பிரித்தறிதல் வேண்டும்.

காற்றை எழுப்பியவன் மனிதனல்லன். ஆனால் வங்கக் கடலின் காற்றை மனிதன் அறியாதவனுமல்லன். பருவக்காற்றுக்கு முன்னர் வைகாசியிலும், பின்னர் ஐப்பசி கார்த்திகையிலும் அங்கே சூறாவளி எழுவது மாலுமிகள் கண்ட உண்மை. 'சைக்கிளோன்' என்ற ஆங்கிலப் பெயரையே கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர்தான் ஆக்கினார். 1864ஆம் ஆண்டுப் பெரும் புயலின் பின் கல்கத்தாத் துறைமுகத்தில் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் திணைக்களமும் தோன்றியது. எனினும் கரையை விட்டகன்ற கப்பலுக்குச் செய்தி சொல்ல வழியிருக்கவில்லை. கம்பியில்லாத் தந்தி கப்பல்களில் ஏறியது அந்நூற்றாண்டு முடியும் தறுவாயிலே. இதுவரையிற் குறை காலத்தினுடையது.

வைதரணாவின் குறையோ வேறு. அதிலிருந்தோர் தொகைக்குப் போதிய உயிர்காப்புப் படகுகளும் மிதவைச் சட்டைகளும் அதில் இல்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. மின்சார விளக்குக்குச் செலவழித்த கை, படகுக்குச் செலவழிக்கவில்லை! அக்கொடும் புயலிற் படகுகள் இருந்தாலும் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே அம்மக்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

இங்கிலாந்திலே சாமுவேல் பிளிம்சோல் என்ற பாராளுமன்ற உறுப்பினர், அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றிக் கடலுக்கு அனுப்பப்படும் கப்பல்களைச் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்று கண்டித்துப் போராடினார். அதன் பயனாக 1876இல் கப்பலின் பக்கத்திலே பாரக் கோடு வரையவேண்டுமென்ற சட்டம் பிறந்தது. எனினும் அக்கோட்டை எவ்விடத்தில் வரைவது என்பது சொந்தக்காரனின் விருப்பமாகவே 1890 வரை இருந்தது. படகுகளின் கதையோ இன்னும் நீண்டது. 1912இல் டைட்டானிக் மூழ்கி ஏறக்குறைய 1500 பேர் மாண்டபின், 1914இல் லண்டனிற் கூடிய சர்வதேச மாநாடு, கப்பலிலுள்ள ஒவ்வொருவருக்கும் படகில் இடம் வேண்டுமென விதித்தது. உலகப் போர் குறுக்கிட்டதால் 1929இல் மீண்டும் கூடவேண்டியிருந்தது. வைதரணா கற்பித்த பாடம் அதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே உலகின் முன் இருந்தது. கற்பித்தவர்கள் ஏழைப் பயணிகளாதலால் கற்பாரில்லை.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் இருத்தல் கூடாது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு நம் வடபகுதியைத் தாக்கிய அதே சூறாவளி, அக்கரையில் தனுஷ்கோடியையும் பயணிகளோடு வந்த ஒரு புகையிரதத்தையும் கடலுக்கு இரையாக்கியது. இராமேசுவர யாத்திரைக்கு நம்மவர் கப்பலிற் சென்றிறங்கிய துறை அது.

பூரித் தேர் ஓடும் அதே ஆனி மாதத்திலேதான் நயினை நாகபூஷணி அம்பாளின் உற்சவத்துக்கு நாம் குறிகட்டுவானிற் படகேறுகிறோம். அரோகரா ஒலி கேட்டதும், இன்னும் பத்துப் பேர் ஏறினாலென்ன என்று நெருங்குவது நம் வழக்கம். அவ்வேளையில் இளைஞர்கள் முன்வந்து, தொகை மிஞ்சினால் அடுத்த படகுக்கு நிற்போம் என்று சொல்லவேண்டும். மிதவைச் சட்டைகள் எங்கேயென்று கேட்கவேண்டும். முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் அணிவிக்கவேண்டும். இதனைப் பக்திக் குறைவென்று எவரும் எண்ணவேண்டாம். அடியாரைக் காப்பதும் ஆண்டவன் தொண்டேயாகும்.

பெயரெழுதாத அக்கல்லிலே உறங்கும் பெண்களுக்கும், பரீட்சைக்குச் சென்று திரும்பாத மாணவர்களுக்கும் நாம் செய்யத்தக்க நினைவுக்கடன் அதுவே.