கூட்டுப் பட்டக் கல்வியும் கேமரன் மலைத் தோட்டப் பிள்ளைகளும்

ஒரு கல்விக்கு இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பட்டம் வழங்கும் முறை ஐரோப்பியப் புதுமையாகவே நம்மிடையே பேசப்படுகிறது. மலேசியாவிலும் அதற்கு நெருங்கிய வடிவங்கள் 1980களிலேயே தோன்றின. அவை கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு எந்த அளவு எட்டக்கூடியனவாக இருந்தன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1999ஆம் ஆண்டு 29 ஐரோப்பிய நாடுகளின் கல்வி அமைச்சர்கள் பொலோனியாவில் கூடி, தத்தம் உயர்கல்வி முறைகளை ஒப்பிடத்தக்கனவாக ஆக்க உடன்பட்டனர். ஆயினும், ஒரே சான்றிதழில் இரு பல்கலைக்கழகங்கள் ஒப்பமிடப் பல நாடுகளின் சட்டங்கள் இடந்தரவில்லை. அதனால் மாணவருக்கு இரண்டு சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. இரட்டைப் பட்டம் என்னும் கவர்ச்சியான பெயருக்குப் பின்னே இத்தகைய சட்டச் சிக்கலும் இருந்தது. 2003ஆம் ஆண்டு பெர்லின் மாநாட்டில் அமைச்சர்கள் இத்தடைகளை நீக்க உறுதி கூறினர். அடுத்த ஆண்டு தொடங்கிய எராஸ்மஸ் முண்டுஸ் திட்டம் பிறநாட்டு மாணவருக்கும் உதவித்தொகை வழங்கியது.

மலேசியாவிலும் வடிவத்தைத் தீர்மானித்தது சட்டமே. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டத்துக்கு முன்னர்த் தனியார் கல்லூரிகள் தம் பெயரில் பட்டம் வழங்க இயலவில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் இடமோ குறைவு. 1980இல் பிரிட்டன் அயல்நாட்டு மாணவரிடம் முழுக் கட்டணம் பெறத் தொடங்கியது. இந்நெருக்கடியில்தான் சில ஆண்டுகள் இங்கும் எஞ்சியவை வெளிநாட்டிலும் பயிலும் இணைப்புத் திட்டங்கள் உருவாயின. சான்றிதழ் ஒன்றே, அதுவும் அயல்நாட்டுடையது. 1997இல் ரிங்கிட் சரிந்தபின் மூன்றாண்டுகளையும் உள்நாட்டிலேயே முடிக்கும் ‘3+0’ முறை பரவியது. 1996இல் நிறுவப்பட்ட பினாங்கு மருத்துவக் கல்லூரியில் அடிப்படைக் கல்வி டப்ளினிலும் மருத்துவமனைப் பயிற்சி பினாங்கிலும் அமைந்தன. ஐரோப்பாவில் பொதுநிதி தாங்கிய முயற்சி, இங்குப் பெரும்பாலும் பெற்றோரின் பணப்பையை நம்பி வளர்ந்தது என்பதே என் கருத்து.

இனி மலைக்கு வருவோம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டத்தில் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்களில் தமிழ்த் தொழிலாளர் பலர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர். எழுத்தறிவு தந்த அப்பள்ளிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவை தொடக்கநிலையோடு நின்றன. 1950களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, பல்கலைக்கழக வாயிலையே கண்டிராத தோட்டத் தொழிலாளரும் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழுக்காகத் தம் கூலியிலிருந்து கொடுத்தனர்.

தோட்டப் பள்ளியை முடித்த பிள்ளை மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்லவேண்டும். தேசிய மொழியில் உரிய தேர்ச்சி பெறாதவர்க்குப் புகுமுக வகுப்பில் மேலும் ஓராண்டு. மலைச்சரிவுத் தோட்டங்களிலிருந்து தானா ராத்தா போன்ற ஊர்களுக்கு நாள்தோறும் செல்லும் செலவும் நேரமும் வேறு. தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனுதவி 1997இல்தான் வந்தது; அதுவும் உயர்கல்வியின் வாயிலை எட்டியவர்க்கே. ஐரோப்பாவில் ஒரு நாட்டில் பயின்ற பருவத்தை மற்றொரு நாட்டின் பட்டத்துக்குக் கணக்கிடும் மதிப்பலகு முறை உண்டு. புகுமுக வகுப்பில் கழிந்த ஓராண்டை எந்தப் பட்டத்துக்கும் எவரும் கணக்கிடவில்லை.