பொம்மைப் பை பிறந்த கதை

காலி பிளாஸ்டிக் புட்டிக்குள் நாலைந்து வண்ணத் துண்டுகளைப் போட்டு மூடியை இறுக்கி ஒட்டிவிட்டால் கிலுகிலுப்பை தயார். புட்டி மூடிகளைச் சேர்த்து வைத்தால் அடுக்கலாம், கலைக்கலாம், டப்பாவுக்குள் போட்டு எடுக்கலாம், நூலில் கோக்கலாம். அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டிப் படம் ஒட்டி, இரண்டாகவோ நாலாகவோ நறுக்கினால் பொருத்திப் பார்க்க ஒரு விளையாட்டு. பழந்துணியில் ஒரு பாப்பா. கையால் வரைந்து தைத்த படப் புத்தகம். கூடவே சில மரக்கட்டைகள்.

1980-களின் பின்பாதியில், ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் ஏழைகள் வசிக்கும் தெருக்களுக்கு இப்படிப்பட்ட சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு வாரந்தோறும் சில பெண்கள் போய்வந்தார்கள். அவர்கள் டாக்டர்களும் இல்லை, டீச்சர்களும் இல்லை. இன்று ஏழைக் குழந்தைகளின் கல்வியைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் கூடிப் பேசும் இடத்தில் ஜமைக்காவின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது என்றால் அதற்கு இந்தப் பைதான் காரணம். ஆனால் பை பிறந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, ஆஸ்பத்திரி வார்டில்.

கிங்ஸ்டனின் மோனா பகுதியில் மேற்கிந்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. (மேற்கிந்தியத் தீவுகள் என்றால் நமக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். அந்தத் தீவுகள் ஒன்றுசேர்ந்து நடத்தும் இன்னொரு பெரிய காரியம் இந்தப் பல்கலைக்கழகம்.) அங்கே 1950-களில் ஜான் வாட்டர்லோ என்ற ஆங்கிலேய மருத்துவர் ஊட்டச்சத்து ஆய்வுப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். கால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகி வரும் சவலைப் பிள்ளைகள்தான் அங்கே நோயாளிகள். இந்த நோயை 1930-களில் மேற்கு ஆப்பிரிக்காவில் பார்த்து மருத்துவ உலகுக்கு எழுதிக் காட்டிய சிசிலி வில்லியம்ஸ் பிறந்ததும் ஜமைக்காவில்தான்.

எதை, எப்போது, எவ்வளவு கொடுத்தால் பிள்ளை பிழைக்கும் என்பதை வாட்டர்லோவின் குழு படிப்படியாகக் கண்டறிந்தது. வயதுக்கேற்ற உயரம் இல்லாதது வேறு, உயரத்துக்கேற்ற எடை இல்லாதது வேறு என்று பிரித்துப் பார்க்கும் முறையை நிலைநிறுத்தியவரும் அவர்தான். எடை குறைந்தால் அண்மைக் காலப் பசி. உயரம் குறைந்தால் நாள்பட்ட பசி. அங்கன்வாடியில் குழந்தையை நிறுத்தி உயரத்தையும் எடையையும் தனித்தனியாகக் குறிப்பதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

பிள்ளைகள் பிழைத்தார்கள். வீக்கம் வடிந்தது, எடை ஏறியது, வீட்டுக்கு அனுப்பினார்கள். மனவளர்ச்சியை அளந்து பார்த்தபோதுதான் சிக்கல். உடம்பு தேறிய பிள்ளை பேச்சிலும் புரிதலிலும் பின்தங்கியே நின்றது. பசி மூளையை நிரந்தரமாகக் கெடுத்துவிடுகிறது, இனி செய்ய ஒன்றுமில்லை என்று கைகழுவிவிட அது வசதியான ஆதாரமாக இருந்தது.

சாலி கிராந்தம்-மெக்ரெகர் கைகழுவவில்லை. பிரிட்டனிலிருந்து வந்து ஜமைக்காவில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்த மருத்துவர் அவர். சோறு இல்லாத வீட்டில் வேறு என்னவெல்லாம் இல்லை என்பதுதான் அவருடைய கேள்வி. விளையாட்டுச் சாமான் இல்லை, படம் போட்ட புத்தகம் இல்லை, ஓடியாடிக் களைத்த தாய்க்குக் குழந்தையோடு உட்கார்ந்து பேச நேரம் இல்லை. அப்படியானால் பின்தங்கியதில் பசியின் பங்கு எவ்வளவு, வெறுமையின் பங்கு எவ்வளவு? ஆஸ்பத்திரியும் இந்த வெறுமையைப் போக்கிவிடவில்லை. வேளாவேளைக்குப் பால் வரும். நாளெல்லாம் கட்டிலில் கிடக்கும் குழந்தைக்குப் பிடித்துப் பார்க்க ஒரு பொருள் இருக்காது, முகம் பார்த்துப் பேச ஓர் ஆள் இருக்காது.

எனவே வார்டிலேயே விளையாட்டைத் தொடங்கினார்கள். சிகிச்சைக்கு வந்த சவலைப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரோடு தினமும் விளையாடினார்கள். வீட்டுக்குப் போன பிறகும் தேடிப் போய்ப் பல வருடம் அதைத் தொடர்ந்தார்கள். முன்பு அதே நோயோடு வந்து வெறும் மருத்துவம் மட்டும் பெற்றுப் போன பிள்ளைகளோடும், வேறு நோய்க்காக வந்த போஷாக்கான பிள்ளைகளோடும் இவர்களை ஒப்பிட்டார்கள். 1980-ல் லான்செட் இதழில் முடிவுகள் வரத் தொடங்கின. விளையாடிய பிள்ளைகள் போஷாக்கான பிள்ளைகளை எட்டிப்பிடித்திருந்தார்கள். 14 வருடம் கழித்துப் பார்த்தபோதும், வெறும் மருத்துவம் பெற்றவர்களைவிட முன்னால் இருந்தார்கள். கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள சிகிச்சைமுறை 10 படிகள் கொண்டது. குளுக்கோஸ், உடற்சூடு, நீர்ச்சத்து, நோய்த்தொற்று என்று போகும் அந்த வரிசையில் 9-வது படி, குழந்தையோடு விளையாடு, அன்பு காட்டு என்கிறது. மருத்துவக் கையேட்டில் விளையாட்டு ஏறுவதற்கு வழிகாட்டிய ஆய்வுகளில் மோனாவினுடையது முக்கியமானது.

ஆஸ்பத்திரி வரைக்கும் வருவது சாவின் விளிம்பில் இருக்கும் பிள்ளைகள். ஊரில் அதைப்போலப் பல மடங்கு பிள்ளைகள் சாகவும் இல்லை, சரியாக வளரவும் இல்லை. வயதுக்கேற்ற உயரம் இல்லாமல், யார் கண்ணிலும் படாமல், பள்ளிக்கூடம் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்து, பாதியில் நின்றுபோகிறவர்கள் அவர்கள். இவர்களிடம் யாரை அனுப்புவது? மனநல நிபுணர்களுக்கோ நர்ஸுகளுக்கோ ஏழை நாடு எங்கே போகும்? ஜமைக்காவில் ஏற்கெனவே சமூக சுகாதாரப் பணியாளர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள்; பெரிய படிப்பு இல்லாதவர்கள். அவர்கள் செய்துகொண்டிருந்த வேலையோடு விளையாட்டும் சேர்ந்தது.

இந்த இடத்தில் கிராந்தம்-மெக்ரெகரும் அவருடைய சக ஆய்வாளர் கிறிஸ்டின் பவலும் செய்த ஒரு காரியம், பின்னால் வந்த பெரிய ஆய்வுகளைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. எத்தனை தடவை போனால் பலன் இருக்கும் என்று சோதித்துப் பார்த்தார்கள். மாதம் ஒரு தடவை போய்வந்ததில் பலன் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போனதில் கொஞ்சம் தெரிந்தது. வாரம் தவறாமல் போனதில் நன்றாகத் தெரிந்தது. அரசாங்கம் நடத்தும் திட்டங்களில் ஆளும் பணமும் போதாதபோது முதலில் குறைவது வருகையின் எண்ணிக்கைதான். பதிவேட்டில் வருகை இருக்கும், பலன் இருக்காது. 1989-லேயே வெளியான முடிவு இது.

பெரிய ஆய்வு 1986–87-ல் தொடங்கியது. கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய், 9 முதல் 24 மாத வயதுக்குள் உயரம் குன்றிய 129 குழந்தைகளைச் சேர்த்தார்கள். நான்கு பிரிவு. ஒரு பிரிவுக்கு வாரம் 1 கிலோ சத்துப் பால்மாவு. இன்னொரு பிரிவுக்குப் பொம்மைப் பை. மூன்றாவதற்கு இரண்டும். நான்காவதற்கு இரண்டும் இல்லை. இலவச மருத்துவம் மட்டும் எல்லோருக்கும் உண்டு. பிள்ளைக்குக் கொடுக்கும் பாலில் வீட்டிலுள்ள மற்றவர்களும் பங்கு கேட்பார்கள் என்று முன்யோசனையாகக் குடும்பத்துக்கென்று தனியே சோளமாவும் பால்பவுடரும் கொடுத்தார்கள். அப்படியும் பால் பங்கு போனது. ஒரு பிள்ளை மட்டும் குடிக்க மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும் வீடு எங்கே இருக்கிறது?

பை வந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வருகிற பெண் ஒரு மணி நேரம் இருப்பார். தரையில் உட்காருவார். தாயும் பிள்ளையும் எதிரில். முதலில் போன வாரம் விட்டுப்போன சாமானை எடுத்து, பிள்ளை அதை வைத்து என்ன செய்தது என்று கேட்பார். பிறகு புதிதாக ஒன்று. டப்பாவில் கட்டையைப் ‘போடு’, ‘எடு’. இது ‘பெரிசு’, அது ‘சின்னது’. ஒரு பாட்டு. பாப்பாவுக்கு மூக்கு எங்கே, உனக்கு மூக்கு எங்கே? ஒரு தடவை தான் செய்துகாட்டிவிட்டுப் பொருளைத் தாயின் கையில் கொடுத்துவிடுவார். அடுத்தது தாயின் முறை. பிள்ளையைப் பாராட்டு என்று தாய்க்குச் சொல்வார். அதே அளவுக்குத் தாயையும் பாராட்டுவார். குளிப்பாட்டும்போதும் துணி துவைக்கும்போதும் பிள்ளையோடு பேசிக்கொண்டே இருக்கச் சொல்வார். கிளம்பும்போது புதிய சாமானை வைத்துவிட்டுப் பழையதைப் பையில் போட்டுக்கொள்வார். அது அடுத்த வாரம் வேறொரு வீட்டுக்குப் போகும்.

இதில் பிள்ளைக்குப் பாடம் நடத்தும் வேலை கிடையாது. வாரத்தில் ஒரு மணி நேரம் வருகிறவரால் ஒரு பிள்ளையை மாற்ற முடியாது. மிச்ச நேரமெல்லாம் பிள்ளையோடு இருப்பவளால் முடியும். உனக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்வதைக் கேள் என்று ஏழைத் தாயிடம் பேசியே பழகிய சுகாதாரத் துறைக்கு, நீ நன்றாகச் செய்கிறாய் என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது இந்த முறை. பையில் இருந்தவற்றுள் விலைமதிப்புள்ளது இதுதான் என்பது என் கட்சி.

இரண்டு வருடம் முடிந்ததும் அளந்தார்கள். பால் குடித்த பிரிவும் முன்னேறியிருந்தது, பை வந்த பிரிவும் முன்னேறியிருந்தது. இரண்டும் பெற்ற பிள்ளைகள் அந்தப் பகுதியின் உயரம் குன்றாத பிள்ளைகளை நெருங்கியிருந்தார்கள். 1991-ல் லான்செட்டில் இது வெளியானது. அத்தோடு முடிந்திருந்தால் நல்ல ஆய்வுகளில் ஒன்று என்று இருந்திருக்கும். சூசன் வாக்கர், சூசன் சாங் முதலிய ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளை விடவில்லை. 7 வயதில், 11 வயதில், 17 வயதில், 22 வயதில் தேடித் தேடிப் போனார்கள். வேலைக்காக வெளிநாடு போனவர்களையும் தொடர்புகொண்டார்கள். பாலால் வந்த முன்னேற்றம் பள்ளி வயதுக்குள் கரைந்துவிட்டிருந்தது. விளையாட்டால் வந்தது நிலைத்திருந்தது. படிப்பில் கூடுதல், மனச்சோர்வு குறைவு, அடிதடியில் இறங்குவதும் குறைவு.

2014-ல் பால் கெர்ட்லரும் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் இந்த ஆய்வாளர்களோடு சேர்ந்து சயன்ஸ் இதழில் எழுதினார்கள். 129 பேரில் 105 பேரைக் கண்டுபிடித்திருந்தார்கள். பை வந்த வீட்டுப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். உயரம் குன்றாத பிள்ளைகளின் சம்பாத்தியத்தை அவர்கள் எட்டிவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க அந்த 25 தான் மேற்கோள். நிதியமைச்சர்களிடம் பேச அந்த எண் உதவியது, சந்தேகமில்லை. ஆனால் நூற்றுச் சொச்சம் குழந்தைகளின் தோளில் உலகத்தின் கொள்கைகளை ஏற்றிவைப்பது அதிகப்படியான பாரம். வேறு ஊரில், வேறு ஆட்களை வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்று பார்த்தால்தான் தெரியும்.

பார்த்தார்கள். வங்கதேசத்துக்கு ஜெனா ஹமதானியின் குழு இந்த முறையைக் கொண்டுபோனது. பெரு நாடு ‘குனா மாஸ்’ என்ற தேசியத் திட்டத்தின் வீட்டு வருகைகளுக்கு இதை எடுத்துக்கொண்டது. மோனாவின் ஆய்வாளர்கள் ‘ரீச் அப்’ என்ற பெயரில் பாடத்திட்டமும் பயிற்சியும் உருவாக்கினார்கள். பொம்மை செய்யும் விதத்தை அளவோடு எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தந்த ஊரில் குப்பையில் கிடைப்பதை வைத்துச் செய்ய வேண்டியதுதான்.

கொலம்பியாவில் ஒராசியோ அட்டனாசியோவும் மற்றவர்களும் 96 நகராட்சிகளில் 1,420 குழந்தைகளோடு செய்துபார்த்தார்கள். ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கும் அரசுத் திட்டத்தில் ஏற்கெனவே தலைவிகளாக இருந்த உள்ளூர்ப் பெண்களே வீடுகளுக்குப் போனார்கள். 18 மாத முடிவில் அறிவு வளர்ச்சியில் முன்னேற்றம் தெரிந்தது. கூடவே கொடுத்த நுண்சத்துப் பொடியால் ஒரு பலனும் தெரியவில்லை. ஆனால் திட்டம் நின்று இரண்டு வருடம் கழித்துப் போய் அளந்தபோது அந்த முன்னேற்றமும் காணாமல் போயிருந்தது. கிங்ஸ்டனில் 20 வருடம் நிலைத்தது இங்கே இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை. ஜமைக்காக் குழந்தைகள் இன்னும் மோசமான நிலையிலிருந்து தொடங்கினார்கள் என்பது ஒரு விளக்கம். சிறிய ஆய்வில் இருக்கும் கண்காணிப்பு பெரிய திட்டத்தில் நீர்த்துப்போகிறது என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவதற்கே கை தூக்குவேன்.

நம் பக்கத்தில் ஒடிசா. முதலில் கட்டாக் நகரத்துக் குடிசைப் பகுதிகளில் வீட்டு வருகையாகவே செய்தார்கள், பலன் தெரிந்தது. அடுத்து கிராமங்களுக்குப் போனபோது செலவுக் கேள்வி முன்னால் வந்து நின்றது. வாரம் ஒரு தடவை, வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒரு பெண் எத்தனை வீடு பார்க்க முடியும்? பை மலிவு, பை தூக்குகிறவரின் நேரம் மலிவில்லை. ஆகவே கிராமங்களைப் பிரித்து, சிலவற்றில் பழைய முறைப்படி வீட்டுக்குப் போனார்கள், சிலவற்றில் தாய்மார்களையும் பிள்ளைகளையும் ஓரிடத்தில் கூட்டி உட்காரவைத்து அதே விளையாட்டுகளைச் செய்தார்கள். 2020-ல் வெளியான முடிவின்படி, கூட்டமாகச் செய்ததன் பலன் வீட்டுக்குப் போய்ச் செய்ததற்குக் குறைந்ததாக இல்லை. செலவு மட்டும் வெகு குறைவு. வாரக் கணக்கை அவர்கள் மாற்றவில்லை.